ஒற்றைக் காலில் ஏழு செகண்ட்

"மூணே செகண்ட்! போன வாரம் அஞ்சு. முன்னேறச் சொன்னா பின்னால போறீங்களே சார்?"

பிசியோதெரபிஸ்ட் பெண் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது எல்லாம் முடிந்து இதுதான் கடைசிச் சோதனை. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் பஸ் டிரைவர், தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு அசடு வழிந்தார்.

அடுத்தது தையல்காரர். அவருக்கும் அதே நோய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஏழு செகண்ட்!

"என்ன டிரைவர் சார், அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டிட்டு ஒரு டெய்லர்கிட்ட தோத்துட்டீங்களே!"

டிரைவர் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே போனார். அவள் பின்னாலேயே போய், வராந்தாவில் அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல பயிற்சி செய்யறாரா, இல்லையா?"

"பேன்ட்டையே நின்னுக்கிட்டுதான் மாட்டறார் மேடம். சுவத்தைக்கூடப் பிடிக்கறதில்ல!"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"டூட்டிக்குப் போகணுமேன்னு நடிக்கறீங்களா சார்?"

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா மேடம்! முதல் நாள் அந்த டெய்லர் நாற்காலியை விட்டே எழுந்திருக்கல. 'இனிமே நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு அழுதார். நான் தடுமாறினதைப் பார்த்துதான் சிரிச்சார். என்னை ஜெயிக்கணும்னுதான் எழுந்து நின்னார். நான் ஒழுங்கா நின்னா, சரியாயிடுச்சுன்னு அனுப்பிடுவீங்க. அப்புறம் அவர் யாரை ஜெயிக்கறது?"

டூட்டிக்குத் தகுதியா என்று தரும் சர்டிபிகேட்டில் அவளால் பொய் எழுத முடியாது. இந்த மனுஷரைத் திட்டவும் மனசு வரவில்லை.

உள்ளே வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தையல்காரர், யாரும் இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மேடம், ஏழு செகண்ட் நிக்கறேனேன்னு என்னை நிறுத்திடாதீங்க."

"ஏன் சார்? ரெண்டு பஸ் மாறி வர்றது கஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கஷ்டம்தான். ஆனா நான் வந்து சீண்டலைன்னா அந்த டிரைவர் சார் மனசு விட்டுடுவார். பாவம், அவருக்காகத்தான் வந்துட்டிருக்கேன்!"