போக்கிடம்

"டாக்டரம்மா, ஒரே ஒரு பொய் சொல்லணும். வீக்கம் இன்னும் அடையலைன்னு என் தம்பிகிட்ட சொல்லிடுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். குணமாகிவிட்டது என்று பொய் சொல்லக் கேட்பவர்கள் உண்டு. குணமாகவில்லை என்று சொல்லக் கேட்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"எதுக்குங்க?"

பம்ப் ரிப்பேர் கடைக்காரர், படம் எடுக்கக் குழாய் செருகிய மணிக்கட்டின் கட்டைத் தடவியபடி திரையையே பார்த்தார். போன தடவை, அவர் மூளை ரத்தக்குழாயின் ஓரத்தில் அந்த வீக்கம் ஒரு குட்டிப் பலூன் போலக் கறுப்பாகத் தெரிந்தது. இன்றைய படத்தில் குழாய் மட்டும்தான் இருக்கிறது.

"முதல்ல ஒண்ணு புரியலை. நீங்க வச்ச ஸ்டென்ட் வெறும் வலைதானே? வலைன்னா ஒழுகணும். எப்படி அடைச்சுது?"

"அது அடைக்கலை. வேகத்தைக் குறைச்சுது, அவ்வளவுதான். ரத்தம் நேர்வழியில ஓடிடும். பலூனுக்குள்ள நுழையறது கொஞ்சம். அதுவும் மெதுவாகி, தேங்கி, உறைஞ்சு, தானா மூடிக்கும். அதுக்குத்தான் இத்தனை மாசம்."

"அதே வலை பக்கத்துக் கிளைக் குழாய் வாயையும் மறைக்குதே? அது ஏன் அடையலை?"

ஆள் விடுவதாக இல்லை. டாக்டருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"கிளைக்கு அந்தப் பக்கம் போக்கிடம் இருக்கு. மூளை ரத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும், ஓட்டம் நிக்காது. பலூனுக்கு ஏது போக்கிடம்?"

"அடேங்கப்பா!" என்றவரின் குரல் சட்டென்று இறங்கியது. "எங்க வீட்டுச் சண்டையும் அப்படித்தான் தேங்கிப்போச்சு. கடையைப் பிரிச்சுக் குடுன்னு தம்பி குதிச்சுக்கிட்டிருந்தான். எனக்கு இந்த வீக்கம்னு தெரிஞ்சதும், 'அண்ணனுக்கு டென்ஷன் ஆகக்கூடாது. வீக்கம் அடையட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்'னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்."

"சரி."

"அன்னியிலேர்ந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. மாத்திரைகூட அவன்தான் எடுத்துக் குடுக்கறான். பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறான். இப்ப அடைஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சா..." கண் கலங்கிவிட்டது.

"அதுக்காக அவரைப் பயத்துலயே வச்சிருப்பீங்களா? இது சுயநலம் இல்லையா?"

"சுயநலம்தான். தம்பி கூட இருக்கணும்கற சுயநலம்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இனிமே பொய் சொல்லிப் பிரயோஜனமில்லைங்க. படம் எடுக்கும்போதே கண்ணாடிக்கு வெளியே நின்னு உங்க தம்பி பார்த்துட்டார். 'பலூனைக் காணோமே, அடைஞ்சுடுச்சா?'ன்னு கேட்டார். ஆமான்னேன்."

அண்ணனின் முகம் தொங்கிப்போனது.

"என்ன சொன்னான்?"

"'இன்னும் அடையலைன்னே வச்சுக்கலாம் டாக்டர். நான் எதையும் பார்க்கலை'ன்னார்."