வாலில் இருந்த ஈயம்

ஆள் நீளத்துக்கு இருந்த ஒரு ரிமோட் விமானத்தின் மூக்கில் பெரிய பெட்ரோல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. வாலுக்குள் ஓர் ஈயக்கட்டியைத் திருகி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் பறந்து இறங்கியதும் இன்ஜின் சிடுசிடுத்தது.

"ஏய் ஈயம், மூச்சு முட்ட இழுக்கிறவன் நான். நீ சும்மா உட்கார்ந்து சவாரி வர்றே. நீ இறங்கினா நான் இன்னும் உயரம் போவேன்."

"நான் இறங்கினா நீ தலைகுப்புற விழுவே," என்றது ஈயம். "முன்னாடி உன் இடத்தில் சின்ன இன்ஜின்தான் இருந்தது. அப்போ நான் மைதானத்தில் திறந்த டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்து வேடிக்கை பார்த்தேன். நீ வந்த பிறகுதான், உன் கனத்துக்கு ஈடாக என்னை வாலில் ஏற்றினாங்க."

சூடெல்லாம் ஆறிய பிறகு இன்ஜின் மெல்லக் கேட்டது.

"அந்தச் சின்னவன் எவ்வளவு உயரம் போவான்?"

"இதே உயரம்தான்."