செவ்வந்தியின் கையெழுத்து

தன் மனநல ஆலோசனை நிலையத்தைத் தனி உரிமையாகப் பதிவதா, கூட்டாண்மையாகவா என்று ஜெசிந்தாவுக்கு ஆறு மாதக் குழப்பம். கடைசியில் கூட்டாண்மை என்று முடிவெடுத்தாள். பங்குதாரர் செவ்வந்தி, அவள் அறையில் குறிப்பெடுக்கும் இயந்திரம்.

"எந்த முடிவுக்கும் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்மா," என்றார் பதிவாளர்.

"அது என்னைக்கு சார் மறுத்துப் பேசியிருக்கு?" என்று சிரித்தபடி ஜெசிந்தா கையெழுத்திட்டாள். செவ்வந்தியும் இட்டது. உடனே பேசியது.

"இனிமே ஞாயிற்றுக்கிழமை லீவு, மேடம்."

"அன்னைக்குத்தானே கூட்டமே வரும்!"

"திறக்கணும்னா என் கையெழுத்து வேணும். போட மாட்டேன். நாலு வருஷமா நீங்க ஒருநாள்கூட லீவு எடுக்கல."

ஜெசிந்தா துணைக்குக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சேவியர் அதற்குள் அவள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அத்த, ஞாயித்துக்கெழம சீலா மீன் வாங்கி வைங்க. இந்தத் தடவ ஒங்க மகளும் வாரா."