இரண்டு விரல் வளைவு

"அப்பட்டமான திருட்டு சார். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலே தெரியும்" என்றார் சாம்பியன் அணியின் தலைமை இன்ஜினியர்.

பரிசோதகர் கண்ணைத் திறந்துகொண்டே தடவினார். இரண்டு பந்தயக் கார்கள். இரண்டிலும் பின் இறக்கையின் இடது ஓரம் இரண்டு விரல் அளவுக்கு உள்ளே வளைந்திருந்தது. அளந்தார். இம்மி பிசகில்லை.

ஒரு அணியின் டிசைன் இன்னொரு அணியிடம் இருக்கக் கூடாது. கேட்டு வாங்கினாலும் குற்றம், பார்த்துச் செய்தாலும் குற்றம். மாட்டினால் வருடம் முழுக்க வெளியேதான்.

மாட்டியிருப்பது கடைசி இடத்து அணி. ஒரு ஷெட், ஒரு கார், ஒன்பது பேர். ஒன்பது பேரும் பரிசோதகரின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்ஜினியர் விடவில்லை. அந்த வளைவுக்காக நாலு மாதம் காற்றுச் சோதனைக் கூடத்தில் கிடந்தாராம். பிள்ளைகள் முகமே மறந்துபோச்சாம். அந்த இடத்தில் எப்படித் திரும்புவது என்று காற்றுக்கே தெரியாதாம், இவருக்குத்தான் தெரியுமாம்.

பரிசோதகருக்குத் தலை வலித்தது. ஒன்பது பேருக்கும் முதலாளியம்மாவைப் பார்த்தார். எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"எங்கேருந்தும்மா வந்தது இது?"

"உங்க போன வருஷத்து நோட்டைப் பாருங்க சார்."

புரட்டினார். அவருடைய கையெழுத்தேதான். 'பின் இறக்கை இடது ஓரம் நசுங்கல். சரி செய்யவும்.'

ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டதாம். அவர் எழுதியதும் நிமிர்த்திவிட்டார்களாம்.

"அப்புறம் இப்ப எப்படி வளைஞ்சிருக்கு?"

"இவங்க இதை வச்சு வரிசையா மூணு ரேஸ் ஜெயிச்சாங்க சார். அதான், மறுபடியும் அதே கேட்டுல கொண்டுபோய் இடிச்சோம்."

போன வருடம் அக்காவின் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தது யார் என்று பரிசோதகருக்கு இப்போது ஞாபகம் வந்தது. இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு அணியையும் வெளியே அனுப்பட்டுமா?"

இன்ஜினியர் தான் எழுதிக் கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். அதோடு போகவில்லை. அக்காவின் பக்கம் நகர்ந்து குரலைத் தணித்தார்.

"அக்கா, எங்க ரெண்டாவது காருக்கு அந்த வளைவு மட்டும் சரியா வரமாட்டேங்குது. உங்க கேட்டுல ஒரு தடவை இடிச்சுக்கலாமா?"