நூறு சதவீதம் ரிஜெக்ட்

வெளிநாட்டுச் சரக்கோடு விலையில் மோதி மூச்சு வாங்கிய ஒரகடத்துப் பிளாஸ்டிக் குருணை ஆலை, தரத்திலாவது ஜெயிக்கலாமென்று ஒரு கேமரா வாங்கியிருந்தது. கறைபட்ட குருணையைக் கண்டால் அது உடனே வெளியே தள்ளிவிடும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லைன் ஓடத் தொடங்கியதும், அது எல்லாவற்றையும் தள்ளியது.

“மேடம், சிவப்புக் கறைன்னு காட்டுது. சரக்கு பால் மாதிரி வெள்ளையாத்தான் கீது!” என்று அலறினான் ஆபரேட்டர் பாபு.

மேனேஜர் எழிலரசி லைனுக்கு ஓடிவந்தாள். அதற்குள், சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வந்திருந்த கார் கம்பெனி அதிகாரி உள்ளேயே வந்துவிட்டார். இந்த ஆர்டரும் போனால் ஆலைக்குப் பூட்டுதான்.

கேமரா தள்ளிய குருணையில் அதிகாரி ஒரு பிடி அள்ளினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே! இதையே தள்ளுதா?”

“ஆ... ஆமா சார்.”

“அடேயப்பா, என்னா கண்டிப்பு! ஆர்டர் உங்களுக்குத்தாம்மா!”

அவர் கார் கேட்டைத் தாண்டியதும், பாபு ஏணியில் ஏறிக் கேமராவை எட்டிப் பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

“மேடம், பூஜையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் நீங்கதானே குங்குமம் வெச்சீங்க?”

“ஆமா, அதுக்கு இன்னா இப்போ?”

“நெத்தி எதுன்னு தெரியாம, இதுக்குக் கண்ணுலயே வெச்சிட்டீங்க!”