தடைக்காலத்தில் ஒரு படகு

"ரெண்டு தடவ அமுக்கணும் மேடம். ஒரு தடவைக்கு அதுக்குக் காது கேக்காது."

பின்னால் நின்ற கஸ்பார் சொன்னார். அவள் கணினியின் டேப் விசையை ஒரு தடவைதான் அமுக்கினாள்.

கருந்திரையில் ஒரு படகின் பெயர் முழுதாக வந்து நின்றது. சவேரியார் துணை.

பல பெயர்கள் இருந்தால்தான் இரண்டாம் தடவை அமுக்க வேண்டும். ஒரே பெயர் என்றால் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஒரு பெயர்கூட வரக் கூடாத நாள் அது. மீன்பிடித் தடைக்காலம். ஜன்னலுக்கு வெளியே படகுகள் எல்லாம் விலா உரசிக் கட்டிக் கிடந்தன.

துறைமுகத்தின் வயர்லெஸ் அறை. கடலில் இருக்கும் படகுகளின் பெயர்களை எடுத்துத் தரும் நிரல் பழுது என்று அவளை அனுப்பியிருந்தார்கள். தினமும் நான்கு மணிக்கு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு படகையும் மைக்கில் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவர் கஸ்பார். தடைக்காலத்திலும் ஒருநாள் தவறாமல் வந்தார்.

அவள் நிரலைத் திறந்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

கரைக்கு வந்த நேரம் காலியாக இருந்தால், பெயரைக் காட்டு.

அடைப்புக்குறிக்குள் ஓர் இடைவெளி விடுபட்டால் போதும். எதைக் கேட்டாலும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். இடைவெளிகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

சோதனைக்காக, அந்தப் படகுக்கு எதிரே ஒரு நேரத்தைப் போட்டாள். பதினொன்று இருபது.

டேப்.

எதுவும் வரவில்லை.

நிரலில் பிழையில்லை.

கோப்பில் யார் யார் கை வைத்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தாள். அவளுக்கு முன்பு வந்தவர்கள் நான்கு முறை நேரத்தை நிரப்பியிருந்தார்கள். நான்கு முறையும் மறுநாளே யாரோ அழித்திருந்தார்கள். நான்கு மணிக்குச் சற்று முன்பு. இதே மேசையிலிருந்து.

பெயரும் இருந்தது. கஸ்பார்.

அவர் அவளுக்குப் பின்னால்தான் நின்றார்.

"யார் யாரு போனாங்க அதுல?" திரும்பாமல் கேட்டாள்.

"ஆறு பேரு. போன வருசம் கார்த்திகையில போனவங்க, இன்னும் திரும்பல. படகு டிரைவரு என் மவன்."

இந்த முறை நேரத்தை நிரப்பிவிட்டு, யாரும் தொடாதபடி கோப்பைப் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நிரப்பியாகிவிட்டது. பூட்ட ஒரு வரி போதும். நாளையிலிருந்து சவேரியார் துணையை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அவள் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே இருந்தன.

கஸ்பார் குனிந்தார். ஒற்றை விரலால், நிதானமாக, பதினொன்று இருபதை அழித்தார். மறைக்க முயலவில்லை.

டேப். அவரும் ஒரு தடவைதான்.

பெயர் வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு.

மைக்கை எடுத்துத் துண்டால் துடைத்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான். நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காத மாரி இருப்பான், கள்ளப்பய. இன்னைக்கு ஒரு தடவ நீங்க கூப்பிடுதீங்களா மேடம்?"