போத்தனூர்க்காரி

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பாவாத்தாளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு விவரம் பிசகினாலும் காசநோய் மாத்திரை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஊர், வேலை, பட்டறை எல்லாவற்றையும் வழி நெடுக ஒப்பித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச நாள்தான். வாங்கிக் கொடுத்தவர் அவள் தறி ஓட்டும் பட்டறையின் முதலாளி தம்பிதுரை. அடிக்கடி வந்து திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். என்ன அக்கறை என்று ஊரே மெச்சியது.

"கருமத்தம்பட்டிங்க. தம்பிதுரை அய்யா பட்டறையில தறி ஓட்டறனுங்க."

நர்ஸ் மெர்சி தட்டியதை வாசித்தாள். "போத்தனூர். வீட்டு வேலை."

"இல்லீங்க சிஸ்டர், நானு..."

"கம்முனு மாத்திரைய வாங்கிட்டுப் போ அம்மணி."

வரிசையில் சிரிப்பு. மெர்சிக்கு முன்னால் இருந்த நர்ஸ் எல்லாம் சரியாகத் தட்டுவாராம். இந்தப் பொண்ணு வந்த பிறகு பாதி ஊர் போத்தனூருக்குக் குடிபோய்விட்டதாம்.

பாவாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாசம் மாத்திரை இல்லை என்றுவிட்டால்? முதலாளியிடம் சொன்னால் திருத்தச் சொல்வார் என்று, சாயங்காலம் பட்டறைக்குப் போனாள்.

முதலாளி முன்னால் பக்கத்துத் தறி வேலன் நின்றிருந்தான். அவனுக்கும் அதே இருமல்தான். மெர்சி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் பதிந்துகொண்டவன்.

"கம்ப்யூட்டர்ல பாத்தேன் வேலா. ஊட்டுல இருந்து உடம்பப் பாத்துக்க. தறிக்கு வேற ஆள் போட்டாச்சு." குரல் அத்தனை பதமாக இருந்தது.

வேலன் தறிமேல் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

முதலாளி திரும்பினார். "வேலைக்கு வராம நீ எங்க போயிட்டே?"

தொண்டை வரை வந்த இருமலைப் பாவாத்தாள் விழுங்கினாள்.

"போத்தனூருங்க. எங்கக்கா ஊட்டுக்கு."

வேலை தேடி ஈரோடு போன வேலன், மாத்திரையை விட்டுவிட்டு, ஆடி பிறக்குமுன் அங்கேயே செத்துப்போனான். சேதி வந்த வாரம் பாவாத்தாள் மறுபடி வரிசையில் நின்றாள்.

மெர்சி நிமிராமலே ஊரைக் கேட்டாள்.

பாவாத்தாள் இந்தத் தடவை எதையும் ஒப்பித்துக்கொண்டு வரவில்லை.

"போத்தனூருங்க சிஸ்டர். ஊட்டு வேலைங்க. தறின்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க."